வார்னிஷ் போட்ட மரச்சாமான்களுக்கு மேல் பெயின்ட் அடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கட்டில், மர பீரோ, சாப்பாட்டு மேசை, ஊஞ்சல் பலகை என்று வீட்டில் இருக்கும் மரச்சாமான்களில் பெரும்பாலும் வார்னிஷோ பாலிஷோ ஏற்கெனவே இருக்கும். அதன் மேல் பெயின்ட் அடித்து, அது உரியாமல் பல வருஷம் நிற்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். புது மரத்துக்கு முதல்முறை பாலிஷ் போடுவது வேறு வேலை, அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

பழைய வார்னிஷை முழுக்கச் சுரண்டி எடுத்தால்தான் பெயின்ட் அடிக்க முடியுமா?

தேவையில்லை. நல்ல நிலையில் இருக்கும் வார்னிஷ் மேலேயே அடிக்கலாம். ஆனால் அப்படி அடிக்கும்போது நம் பெயின்ட் மரத்தைத் தொடுவதே இல்லை, வார்னிஷை மட்டும்தான் பிடித்துக்கொள்கிறது. வார்னிஷ் மரத்தை விட்டு எழுந்தால் அதன் மேல் இருக்கும் எல்லாமே சேர்ந்து எழும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெயின்டாக இருந்தாலும். அதனால் முதல் வேலை, பழைய வார்னிஷ் மரத்தோடு ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது.

இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. கண்ணில் படாத இடமாகப் பார்த்து, புது பிளேடால் 2 மி.மீ. இடைவெளியில் ஆறு கோடும், அவற்றுக்குக் குறுக்கே ஆறு கோடும் வார்னிஷ் வெட்டுப்படும் அளவுக்குக் கீறுங்கள். சின்னச் சின்னக் கட்டங்கள் கிடைக்கும். அதன் மேல் செலோ டேப்பை அழுத்தி ஒட்டி, ஒரே இழுப்பில் பிய்த்தெடுங்கள். பெயின்ட் கம்பெனிகளின் ஆய்வுக்கூடத்தில் செய்யும் சோதனையும் ஏறக்குறைய இதேதான், ஐ.எஸ்.ஓ. 2409 என்ற தரநிலையில் அதற்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் கொடுப்பார்கள். நமக்கு அவ்வளவு நுணுக்கம் வேண்டாம். கட்டங்கள் அப்படியே நின்றால் வார்னிஷ் மேலேயே வேலையைத் தொடங்கலாம். டேப்போடு துண்டு துண்டாக வந்தால் அந்தப் பகுதியைச் சுரண்டியே ஆக வேண்டும்.

பெயின்ட் அடித்து நன்றாகக் காய்ந்த பிறகும் இதே சோதனையை ஒரு மூலையில் செய்து பார்க்கலாம். பெயின்டரிடம் வேலை கொடுத்தவர்களுக்கு இது ரொம்பவே உதவும்.

போன வருஷம்தான் அடித்தது. நகத்தால் கீறினாலே தோல் மாதிரி உரிகிறது. ஏன்?

இரண்டில் ஒரு காரணம், அல்லது இரண்டும். ஒன்று, பளபளப்பான வார்னிஷைத் தேய்க்காமல் அப்படியே மேலே அடித்திருப்பார்கள். கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும் பரப்பில் பெயின்டுக்குப் பிடி கிடைக்காது. உப்புத்தாள் போடும் நுண்ணிய கீறல்களில்தான் அது இறங்கிப் பிடித்துக்கொள்ள முடியும். இரண்டாவது, எண்ணெய்ப் பிசுக்கு. கட்டில் தலைமாட்டில் தலை எண்ணெய், நாற்காலிக் கைப்பிடியில் வியர்வை, சமையலறை அலமாரியில் தாளிப்பு ஆவி, பூஜை அலமாரியில் விளக்கெண்ணெயும் சாம்பிராணிப் புகையும். கண்ணுக்குத் தெரியாமல் வருஷக்கணக்கில் படிந்த இந்தப் படலத்தின் மேல் எதுவும் ஒட்டாது.

இப்படி உரியும் பெயின்டின் மேல் இன்னொரு கோட் அடிப்பதால் ஒரு பயனும் இல்லை. உரிவதை எல்லாம் பட்டித் தகட்டால் சுரண்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் தாத்தா காலத்துத் தேக்கு பீரோ. வெள்ளை அடித்தால் அழகாக இருக்கும் என்கிறார் மகள். அடிக்கலாமா?

அடிக்க வேண்டாம் என்பது என் கருத்து. பர்மா தேக்கு, தோதகத்தி (ரோஸ்வுட்) போன்ற மரங்களில் செய்த பழைய சாமான்களைத் தேடித்தான் காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்கு வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். அந்த மரத்தின் ரேகைக்குத்தான் அங்கே விலை. மேலே எனாமல் என்னும் எண்ணெய் வகைப் பெயின்ட் ஏறிவிட்டால், மூலை முடுக்கிலும் கடைசல் வேலைப்பாட்டின் உள்மடிப்பிலும் போன பெயின்டைத் திரும்ப எடுப்பது பெரும்பாடு. பீரோ மங்கலாக இருப்பதுதான் குறை என்றால், கழுவித் துடைத்து, லேசாகத் தேய்த்து, புதிதாகப் பாலிஷ் ஏற்றினாலே ஆள் மாறிவிடும்.

ரப்பர் மரம், மாமரம், பல மரத்துண்டுகளை ஒட்டிச் செய்தது, ப்ளைவுட்டில் வெனீர் என்னும் மெல்லிய மரத்தாளை ஒட்டி வார்னிஷ் அடித்தது, இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பலகை மாற்றி ரிப்பேர் பார்த்தது — இவற்றுக்குத் தாராளமாகப் பெயின்ட் அடிக்கலாம். இவற்றில் மறைக்க வேண்டிய ஒட்டும் தழும்பும் இருக்கும். பெயின்ட் அந்த வேலையை நன்றாகவே செய்யும்.

மகள் விடவே மாட்டேன் என்றால் ஒரு நடுவழி உண்டு. தேய்த்த பாலிஷின் மேல் முதலில் அரக்குப் பூச்சு (ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு, செய்முறை கீழே) இரண்டு கோட் கொடுத்துவிட்டு அதன் மேல் பிரைமரும் (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) பெயின்டும் அடியுங்கள். பிற்காலத்தில் யாராவது பெயின்டை எடுக்க நினைத்தால், அது மரத்தின் துளைகளுக்குள் இறங்காமல் இருக்கும். வேலை பாதியாகக் குறையும்.

என் மேசையில் இருப்பது பிரெஞ்ச் பாலிஷா, மெலமைனா, பி.யு.வா (பாலியூரித்தேன்)? எப்படித் தெரிந்துகொள்வது?

பாலிஷ் போடப் பயன்படும் ஸ்பிரிட்டும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரும் கொஞ்சம் இருந்தால் போதும். மேசையின் அடிப்பக்கம் போல மறைவான இடத்தில், பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து அரை நிமிஷம் வைத்துத் தேயுங்கள். பிசுபிசுவென்று இளகிப் பஞ்சில் பழுப்பு நிறம் ஏறினால் அது பிரெஞ்ச் பாலிஷ், அதாவது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையவில்லை என்றால் வேறொரு இடத்தில் தின்னரைப் போட்டுப் பாருங்கள். கரைந்து வழவழத்தால் என்.சி. லேக்கர். கரையாமல் சுருங்கிக் கொப்புளித்தால் பழைய எண்ணெய் வார்னிஷ். ஒன்றுமே ஆகாமல் கல்லுப்பிள்ளையார் போல இருந்தால் மெலமைனோ பி.யு.வோ; இரண்டும் இறுகிய பின் கரையாத பூச்சுகள்.

இதைத் தெரிந்துகொள்வது எதற்கு என்றால், மேலே எதை அடிக்கக் கூடாது என்பது இதில்தான் முடிவாகிறது. எண்ணெய் வார்னிஷ் அல்லது எனாமல் மேல் என்.சி. வகை எதையும் அடிக்கக் கூடாது. அதிலுள்ள தின்னர் கீழே இருப்பதை எழுப்பிவிடும். மாறாக, என்.சி. மேல் எனாமல் அடித்தால் பிரச்சினை இல்லை. பிரெஞ்ச் பாலிஷ் போட்ட சாப்பாட்டு மேசைக்கு இன்னொரு சங்கடம் உண்டு. அரக்கு சுமார் 75 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். மேலே எவ்வளவு உறுதியான பெயின்ட் இருந்தாலும், சுடச்சுடச் சாம்பார்ச் சட்டியை இறக்கி வைத்தால் அடியில் இருக்கும் அரக்கு இளகித் தடம் விழும். அதனால் மேசையின் மேல்பலகையில் மட்டும் பாலிஷை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தெடுத்துவிடுங்கள். காலுக்கும் சட்டத்துக்கும் தேவையில்லை.

தேய்ப்பதற்கு முன்னால் கழுவ வேண்டுமா? தேய்த்தால் அழுக்கும் போய்விடாதா?

போகாது, இன்னும் மோசமாகும். உப்புத்தாள் எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்குப் பதிலாக அதைக் கீறல்களுக்குள் தேய்த்து இறக்கிவிடும். கழுவுவது எப்போதும் முதலில்.

வெதுவெதுப்பான ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வாஷிங் சோடா, அல்லது பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம். துணியை நனைத்து நன்றாகப் பிழிந்துகொண்டு துடையுங்கள். தண்ணீரை ஊற்றிக் கழுவக் கூடாது, ப்ளைவுட் விளிம்பு உப்பிவிடும். கைப்பிடியைச் சுற்றியும், கட்டில் தலைமாட்டிலும் இரண்டு மூன்று முறை. பிறகு வெறும் தண்ணீர்த் துணியால் குறைந்தது இரண்டு தடவை துடைத்துச் சோடாவை எடுத்துவிடுங்கள். அது மிச்சம் இருந்தாலும் பெயின்ட் ஒட்டாது. ஒரு நாள் காயட்டும். மெழுகுப் பாலிஷ் போட்டு வந்த சாமான் என்றால், காய்ந்த பிறகு டர்பன்டைனில் நனைத்த துணியாலும் ஒருமுறை துடைக்க வேண்டும். துணியை அடிக்கடி மாற்றுங்கள்; ஒரே துணியால் துடைத்தால் மெழுகு ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகும், அவ்வளவுதான்.

கழுவுவதற்கு முன்பே கைப்பிடி, கீல், பூட்டு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். எந்த ஸ்க்ரூ எந்தக் கீலுடையது என்று சின்னப் பொட்டலமாகக் கட்டி எழுதிவைத்தால் திரும்ப மாட்டும்போது திட்டிக்கொள்ள வேண்டியிருக்காது. கீலோடு சேர்த்துப் பெயின்ட் அடிக்கும் வழக்கம் நம் ஊரில் பரவலாக உண்டு. கதவு திறக்கும் இடத்தில் முதல் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

எந்த நம்பர் உப்புத்தாள்? எவ்வளவு தேய்க்க வேண்டும்?

வார்னிஷ் நல்ல நிலையில் இருந்தால் 180-ல் தொடங்கி 220-ல் முடித்தால் போதும். வழிசல், மேடு பள்ளம் இருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் 120. அதற்குக் கீழே 80-க்குப் போனால் கீறல் ஆழமாகி, இரண்டு கோட் பெயின்டுக்கு மேலும் கோடு கோடாகத் தெரியும். பிரைமருக்கும் பெயின்டுக்கும் இடையில், கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையில் 320.

எவ்வளவு என்றால், பளபளப்பு போகும் வரை. மரம் தெரிய வேண்டிய அவசியமில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்வாக நின்று பாருங்கள். பரப்பு முழுக்க மங்கலாக, பால் பூத்த மாதிரி இருந்தால் சரி. எங்காவது பளிச்சென்று ஒரு தீவு தெரிந்தால் அங்கே பெயின்ட் பிடிக்காது. கடைசல் கால்களுக்கு உப்புத்தாளை நீளமாகக் கிழித்து, ஷூவுக்குப் பாலிஷ் போடுவது போல இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கலாம். தட்டையான பலகைக்கு ஒரு மரத்துண்டில் தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள், வெறும் விரலால் தேய்த்தால் பள்ளம் விழும்.

வெனீர் ஒட்டிய சாமானில் மெஷின் வைத்துத் தேய்க்க வேண்டாம். வெனீர் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். விளிம்பில் ஒரு நிமிஷம் கவனம் தப்பினால் கீழே இருக்கும் ப்ளைவுட் பல்லை இளிக்கும்.

தேய்த்த தூசியை முதலில் பிரஷ்ஷால் தட்டி, பிறகு டர்பன்டைனில் லேசாக நனைத்துப் பிழிந்த பழைய மல்துணியால் துடையுங்கள். அன்று ஃபேனைப் போடாதீர்கள்.

கீழே வார்னிஷ் மட்டுமில்லை, பழைய பெயின்டும் இருக்கிறது. தேய்க்கலாமா?

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016-ல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில், அதிலும் மஞ்சள், சிவப்பு, பச்சை போன்ற அடர்ந்த நிறங்களில், ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அதைக் காய்ந்த நிலையில் தேய்த்தால் வரும் தூசி குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆபத்து.

பழைய பெயின்ட் உறுதியாக ஒட்டியிருந்தால் வாட்டர் பேப்பரை நனைத்து, ஈரமாகவே லேசாகத் தேயுங்கள். வரும் சேற்றைத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டித் தூக்கி எறிந்துவிடுங்கள். வீட்டுக்குள் செய்ய வேண்டாம். என்-95 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். சூடு காட்டி உரிப்பதும் மெஷின் வைத்துத் தேய்ப்பதும் அறவே கூடாது.

பலகையில் சின்னச் சின்ன ஓட்டை, கீழே மாவு மாதிரி தூள் கொட்டுகிறது.

அது மரத்தைத் துளைக்கும் வண்டு. தூள் புதிதாக, வெளுத்த நிறத்தில் கொட்டிக்கொண்டே இருந்தால் உள்ளே இன்னும் புழு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். பெயின்ட் அடித்து ஓட்டையை மூடினால் உள்ளே இருப்பது சாகாது, வளர்ந்ததும் பெயின்டையும் துளைத்துக்கொண்டு வெளியே வரும். மரப்பூச்சி மருந்தை ஊசி இல்லாத சிரிஞ்சால் ஒவ்வொரு ஓட்டையிலும் செலுத்தி, கையுறை போட்டுக்கொண்டு பின்பக்கப் பலகைக்கும் தடவி, சில வாரம் விட்டுப் பார்த்து, தூள் நின்ற பிறகே பெயின்ட் வேலை.

சாதாரண ஓட்டை, ஆணித் தடம், விரிசலுக்கு மரத்துக்கென்று விற்கும் பட்டி போதும். சுவர்ப் பட்டி வேண்டாம், அது மரத்தோடு சேர்ந்து சுருங்கி விரியாது, ஒரே கோடைக்குள் உதிரும். பிரைமர் ஒரு கோட் அடித்த பிறகு பட்டி பார்த்தால் எல்லாக் குறையும் தெளிவாகத் தெரியும். பட்டி காய்ந்ததும் தேய்த்து, அந்த இடத்துக்கு மட்டும் திரும்பப் பிரைமர்.

பிரைமர் கட்டாயமா? கீழேதான் வார்னிஷ் இருக்கிறதே, மரம் குடிக்கப் போவதில்லையே?

மரம் குடிக்காது, சரிதான். ஆனால் இங்கே பிரைமர் வேண்டியது ஒட்டுவதற்கும், கறையை மறைத்து நிறுத்துவதற்கும். தேக்கு, தோதகத்தி, மகோகனி போன்ற மரங்களில் இருக்கும் இயற்கைச் சாயமும், பழைய பாலிஷில் கலந்த ஸ்டெயினும் (மரத்துக்கு நிறமூட்டும் சாயம்) மேலே ஏறி வரும். தண்ணீர் வகைப் பெயின்ட் அடித்தால் இது இன்னும் சுலபமாக நடக்கும். அடித்த அன்றைக்கு வெள்ளையாக இருந்த கதவு அடுத்த வாரம் ஆங்காங்கே மஞ்சளும் இளஞ்சிவப்புமாகத் தெரியும். மூன்றாவது, நான்காவது கோட் அடித்தாலும் அது திரும்ப வரும்.

அதை நிறுத்துவதில் கெட்டிக்காரன் அரக்குதான். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் 120 கிராம் அரக்குச் சில்லைப் போட்டு ஒரு இரவு ஊறவைத்து, வடிகட்டி, மெல்லிய கோட்டாக அடியுங்கள். மெழுகு நீக்கிய அரக்கு கிடைத்தால் அதையே வாங்குங்கள், சாதாரண அரக்கில் உள்ள மெழுகு மேலே வரும் தண்ணீர் வகைப் பெயின்டையும் பி.யு.வையும் சரியாக ஒட்டவிடாது. அரைமணியில் காய்ந்துவிடும். சிலிக்கான் கலந்த பாலிஷ் ஸ்பிரே அடித்து வந்த சாமானில் பெயின்ட் ஒட்டாமல் குழி குழியாக விலகும். அதற்கும் இதே மருந்துதான்.

இந்தத் தொந்தரவு எல்லாம் வேண்டாம், அடர்ந்த நிறம்தான் அடிக்கப்போகிறேன் என்பவர்களுக்கு எண்ணெய் வகை வுட் பிரைமர் ஒரு கோட் தாராளம். சாப்பாட்டு மேசையின் மேல்பலகைக்கும் அரக்கை விட்டுவிட்டு இதையே போடுங்கள், காரணம் மேலே சொன்ன சாம்பார்ச் சட்டி.

எனாமலா, தண்ணீர் வகையா, பி.யு.வா? எது நிற்கும்?

மூன்றுமே நிற்கும். எந்தச் சாமானுக்கு எது என்பதில்தான் விஷயம்.

சாதாரண சிந்தடிக் எனாமல் விலை குறைவு, எந்தச் சின்ன ஊர் ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும், பிரஷ் தடம் தானாகவே படிந்து சமமாகும். கட்டில், பெஞ்ச், அலமாரி போன்றவற்றுக்கு இன்றும் நல்ல தேர்வு. இதன் குறை வெள்ளை நிறத்தில்தான். எண்ணெய் சார்ந்த வெள்ளை, வெளிச்சம் படாத இடத்தில் மெல்ல மெல்ல மஞ்சளாகும். அலமாரியின் உள்பக்கமும், சுவரை ஒட்டிய பக்கமும் முதலில் மஞ்சளிக்கும்.

வெள்ளை, சந்தன நிறம், வெளிர் நீலம் என்று போகிறவர்கள் தண்ணீர் வகை அக்ரிலிக் எனாமல் வாங்குங்கள். மஞ்சளாகாது, நாற்றம் இல்லை, சீக்கிரம் காயும். ஆனால் கறை ஏறிவரும் தொல்லைக்கு முன்னால் சொன்ன அரக்கு கட்டாயம்.

இரண்டு பாகமாக வரும் பி.யு. பெயின்ட்தான் இவற்றில் உறுதியானது. சூடு, கீறல், தண்ணீர், காபிக்கறை எதற்கும் அசையாது. சாப்பாட்டு மேசைக்கும் படிக்கும் மேசைக்கும் இதுவே சரி. ஆனால் கலந்த சில மணி நேரத்துக்குள் அடித்து முடிக்க வேண்டும், பெரும்பாலும் ஸ்பிரேயில்தான் அடிப்பார்கள், அதன் கெட்டியாக்கியில் இருக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் மூச்சுக்குழாயைக் கெடுக்கும். வீட்டு ஹாலில் நீங்களே செய்து பார்க்கும் வேலை இல்லை. உரிய முகக்கவசமும் தனி இடமும் இருக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

சுவருக்கு வாங்கின எமல்ஷன் மிச்சம் இருக்கிறது...

வேண்டாம். சுவரில் யாரும் உட்காருவதில்லை.

சாக் பெயின்ட் (சாக் பொடி கலந்த, பளபளப்பில்லாத பெயின்ட்) என்றால் தேய்க்கவே வேண்டாம் என்கிறார்களே?

அது ஓரளவு உண்மைதான், மற்றப் பெயின்டைவிடச் சொரசொரப்பானது, வழவழப்பான பரப்பிலும் கொஞ்சம் பிடிக்கும். ஆனால் தானாக உறுதியில்லாதது, மேலே மெழுகோ வார்னிஷோ போட வேண்டும். மெழுகு சூட்டுக்கும் தண்ணீருக்கும் தாங்காது, வருஷத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டியிருக்கும். அலங்காரத்துக்கு வைக்கும் சின்ன முக்காலி, போட்டோ ஃப்ரேமுக்குச் சரி. தினமும் புழங்கும் சாமானுக்கு நான் சொல்ல மாட்டேன்.

எவ்வளவு பெயின்ட் வாங்க வேண்டும்?

வழவழப்பான பரப்பில் ஒரு லிட்டர் எனாமல் ஒரு கோட்டுக்கு 100 முதல் 120 சதுர அடி வரை வரும். 6 அடி உயரம், 3 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் உள்ள பீரோவுக்கு முன்பக்கம் 18, இரண்டு பக்கவாட்டும் சேர்த்து 18, மேல்புறம் நாலரை, ஆக 40 சதுர அடிக்குக் கொஞ்சம் மேலே. இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் போதும், கொஞ்சம் மிஞ்சும். கதவின் உள்பக்கமும் அடித்தால் மிச்சமே இருக்காது. பிரைமர் அரை லிட்டர்.

இரண்டு மெல்லிய கோட் போதும். அடர்ந்த நிறத்தின் மேல் வெள்ளை அடித்தால் மூன்று. ஒரே தடவையில் தடிமனாக அடித்து முடித்துவிடலாம் என்று நினைப்பவர்களின் பெயின்ட்தான் மேலே தோல் கட்டி, உள்ளே காயாமல், சுருக்கம் சுருக்கமாக நிற்கும்.

பிரஷ்ஷா, ரோலரா?

தட்டையான பலகைக்குச் சின்ன ஃபோம் ரோலர், கடைசலுக்கும் மூலைக்கும் 1 அல்லது 2 இன்ச் பிரஷ். எண்ணெய் வகைக்கு இயற்கை மயிர், தண்ணீர் வகைக்கு நைலான் பிரஷ். புது பிரஷ்ஷை உள்ளங்கையில் நாலு தடவை அடித்து, கொட்டும் மயிரை முதலிலேயே எடுத்துவிடுங்கள். டப்பாவைக் குலுக்காமல் குச்சியால் அடிவரை கிளறி, பழைய நைலான் துணியில் வடிகட்டிக்கொண்டால் கட்டியும் குமிழியும் வராது.

மழைக்காலத்தில் அடிக்கலாமா? வெயிலில் காய வைக்கலாமா?

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேண்டாம். காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டும் நாளில் பெயின்ட் மெதுவாகக் காயும், பளபளப்பு மங்கும், அரக்கும் என்.சி.யும் வெள்ளையாகப் பூத்துவிடும். பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும் வழக்கத்தோடு இதையும் சேர்த்துக்கொண்டால் காலம் சரியாக அமையும். தை, மாசி நல்ல மாதங்கள்.

நேர் வெயிலில் வைக்கவே கூடாது. மேல்படலம் சட்டென்று இறுகி, உள்ளே மாட்டிக்கொண்ட டர்பன்டைன் ஆவி கொப்புளமாகக் கிளம்பும். நிழலும் காற்றோட்டமும்தான் வேண்டியது. எனாமல் வெறுமனே உலர்வதில்லை, காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகுகிறது. பூட்டிய அறையில் வைத்தால் நாள்கணக்கில் பிசுபிசுக்கும்.

தொட்டால் காய்ந்துவிட்டது. எப்போது புழங்கலாம்?

கை ஒட்டாமல் இருப்பது வேறு, இறுகுவது வேறு. எனாமலில் அடுத்த கோட்டுக்கு ஒரு இரவு முழுக்க விடுங்கள். டப்பாவில் அதைவிட அதிகமாகப் போட்டிருந்தால் அதன்படி. லேசாகப் புழங்க ஒரு வாரம். முழுதாக இறுக மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை மேசை மேல் கண்ணாடி போடாதீர்கள், பிளாஸ்டிக் விரிப்பு விரிக்காதீர்கள், கனமான புத்தகத்தை அடுக்காதீர்கள். எல்லாம் ஒட்டிக்கொள்ளும். ஈரத்துணியால் துடைப்பதையும் தள்ளிப்போடுங்கள்.

அலமாரிக் கதவு சட்டத்தோடு ஒட்டிக்கொள்கிறது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இறுகும் வரை கதவைச் சாத்தாமல் வைப்பதுதான் வழி. அதற்குப் பிறகும் ஒட்டினால், உரசும் இடத்தில் பெயின்ட் கனம் கூடிவிட்டது என்று அர்த்தம். 320 உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளை மெழுகுவத்தியை லேசாகத் தேய்த்துவிடுங்கள்.

பெயின்ட் மேல் பாதுகாப்புக்கு வார்னிஷ் அடிக்க வேண்டுமா?

எனாமலுக்குத் தேவையில்லை. எண்ணெய் வார்னிஷை மேலே போட்டால் நிறம்தான் பழுப்பாகும். தண்ணீர் வகைப் பெயின்ட் அடித்த மேசை, ஊஞ்சல் பலகை போன்றவற்றுக்கு மட்டும் தண்ணீர் வகை பி.யு. கிளியர் (நிறமில்லாத பூச்சு) இரண்டு கோட் கொடுக்கலாம்.

சன்மைக்கா ஒட்டிய மேசைக்கும் இதே முறைதானா?

இல்லை. அது வார்னிஷ் அல்ல, பிளாஸ்டிக் தகடு. தேய்த்தாலும் அவ்வளவாகக் கீறல் விழாது. வழவழப்பான பரப்பில் பிடிக்கும் தனி பிரைமர் வேண்டும். விளிம்பு ஏற்கெனவே எழுந்திருந்தால் பெயின்டுக்கு ஆகும் செலவில் புதுத் தகடு ஒட்டிவிடலாம்.

குழந்தையின் தொட்டிலுக்கும் கட்டிலுக்கும்?

பல் முளைக்கும் குழந்தை கட்டில் விளிம்பைக் கடிக்கும். டப்பாவில் ஈயம் சேர்க்காதது என்று அச்சிட்டிருக்கும் தண்ணீர் வகைப் பெயின்டை வாங்கி, அடித்து ஒரு மாதம் கழித்துக் குழந்தையைப் படுக்க வையுங்கள். கீழே பழைய எனாமல் இருந்தால், அதன் வயசு தெரியாது என்றால், அந்தத் தொட்டிலைக் குழந்தைக்குக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

வேலை முடிந்த துணிகளை என்ன செய்வது?

ஆளிவிதை எண்ணெய், எண்ணெய் வார்னிஷ் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். பயமுறுத்தச் சொல்லவில்லை, பட்டறைகளில் நடப்பதுதான். எனாமல் துடைத்த துணியையும் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாக வெளியே கம்பி வேலியில் விரித்து, விறைப்பாகக் காய்ந்த பிறகு குப்பையில் போடுங்கள். ஸ்பிரிட், தின்னர் வைத்து வேலை செய்யும் அறையில் அன்று பூஜை விளக்கும் ஏற்ற வேண்டாம்.

பெயின்டரிடம் கொடுத்தால் என்ன பேசிக்கொள்ள வேண்டும்?

கூலியைப் பேசும்போதே தேய்ப்பைத் தனியாகப் பேசுங்கள். மொத்தமாகப் பேசினால் முதலில் வெட்டுப்படுவது அதுதான். கழுவி, தேய்த்து முடித்ததும் கூப்பிடச் சொல்லுங்கள். நீங்கள் பார்த்த பிறகு பிரைமர். எனாமலில் டர்பன்டைன் எவ்வளவு கலக்கிறார் என்று கவனியுங்கள், டப்பாவில் போட்ட அளவைத் தாண்டினால் பெயின்ட் நிறைய இடம் பரவும், ஆனால் படலம் மெலிந்துவிடும். ஒரே நாளில் எல்லாக் கோட்டும் முடித்துத் தருகிறேன் என்பவர் எனாமல் அடிப்பவராக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

கடைசியில் மிஞ்சும் பெயின்டைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் விளிம்புவரை ஊற்றி மூடி, நிறத்தின் நம்பரை எழுதி ஒட்டி வையுங்கள். நாற்காலி முதுகு சுவரில் இடித்துப் பொட்டு பெயர்ந்தால், அந்த இடத்தை மட்டும் தேய்த்து, சின்ன பிரஷ்ஷால் தொட்டுவிடலாம்.